செலினியத்திலிருந்து பிளேரைட்டுக்கு மாறலாமா? பெரிய திட்டத்தில் சோதனைக் கருவியை மாற்றுவது குறித்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெரிய மென்பொருள் திட்டங்களில் ஆட்டோமேஷன் டெஸ்ட்டுகளின் (தானாக ஓடும் சோதனைகளின்) எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிய பிறகு, "இந்தக் கருவியையே மாற்றிவிட்டால் என்ன?" என்ற கேள்வி ஏதாவதொரு கூட்டத்தில் கட்டாயம் எழும். பெரும்பாலும் அது எழுவது, இரவு ரன்னில் நூறு டெஸ்ட்டுகள் தவறி, காலையில் வந்தவர்கள் மதியம் வரை காரணம் தேடிக் களைத்துப் போன நாளில்தான். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் களைப்பிலேயே முடிவையும் எடுத்துவிடுவது பல மாத உழைப்பை வீணாக்கக்கூடும் என்பதால், இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

செலினியமும் பிளேரைட்டும், பிரவுசரைத் தானாக இயக்கி வெப் பயன்பாட்டைச் சோதிக்க உதவும் கருவிகள். ஜாவா மொழி, அதில் டெஸ்ட்டுகளை ஓட்டும் டெஸ்ட்என்ஜி, செலினியம் ஆகியவற்றில் பல ஆண்டுகளாக வளர்ந்த ஒரு பெரிய வெப் திட்டம், பிளேரைட்டுக்கு மாறலாமா என்று யோசிக்கும் நிலையை இங்கு எடுத்துக்கொள்கிறேன். செலினியம் 2004-இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கியது. பின்னர், பிரவுசரை நிரலால் இயக்க சைமன் ஸ்டூவர்ட் உருவாக்கிய வெப்டிரைவர் அதனோடு இணைந்தது. 2018-இல் வெப்டிரைவரே, வெப் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலையாகவும் ஆனது. பிளேரைட்டை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் வெளியிட்டது. அதற்கு முன் கூகுளில் பப்பெட்டியர் என்ற பிரவுசர் இயக்கும் கருவியை உருவாக்கியவர்களே அதன் பின்னணியில் இருந்தார்கள். இரண்டுமே தரமான கருவிகள். ஆகவே எது சிறந்தது என்பதை விட்டுவிட்டு, உங்கள் திட்டத்தின் வலியில் எவ்வளவு பங்கு கருவியால் வருகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் படி: தவறுகளைக் காரணவாரியாகப் பிரித்துப் பாருங்கள்

இந்தப் படிக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாப் படிகளும் இதில் கிடைக்கும் எண்களின் மேல்தான் நிற்கப் போகின்றன.

ஒவ்வொரு நாளும் தவறிய டெஸ்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தைப் பதிவு செய்யுங்கள். உண்மையான பக் ஒரு வகை. டெஸ்ட் டேட்டா இல்லாமல் போனது, அல்லது இன்னொரு டெஸ்ட் அதை மாற்றிவிட்டது மற்றொரு வகை. சர்வரோ டேட்டாபேஸோ மெதுவாக இருந்தது, வேறு குழுவின் சேவை நின்றுபோனது ஆகியவற்றைச் சூழல் கோளாறு என்று குறியுங்கள். பக்கம் தயாராகும் முன்பே டெஸ்ட் அவசரப்பட்டு கிளிக் செய்ததைக் காத்திருப்புக் கோளாறு என்றும், திரையின் அமைப்பு மாறியதால் லொக்கேட்டர் (பக்கத்தில் ஒரு உறுப்பைக் கண்டுபிடிக்கும் குறிப்பு) உடைந்ததைத் தனியாகவும் எழுதுங்கள். கடைசியாக, பிரவுசருக்கும் அதை இயக்கும் டிரைவருக்கும் பதிப்பு பொருந்தாமை, பிரவுசருடனான செஷன் அறுந்துபோவது, டெஸ்ட்டுகளைப் பல இயந்திரங்களில் ஓட்டும் கிரிட் பதிலளிக்காமை போன்றவற்றைக் கருவியின் கணக்கில் சேருங்கள். காரணம் தெரியாதவற்றுக்கும் ஒரு வகை வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதினால் கணக்கே பொய்யாகிவிடும்.

காரணமின்றி ஒருநாள் தேறி ஒருநாள் தவறும் ஃபிளேக்கி டெஸ்ட்டுகள் எல்லா இடத்திலும் உண்டு. தன் டெஸ்ட்டுகளில் ஏறத்தாழ 16 சதவீதம் ஏதோ ஓரளவு ஃபிளேக்கியாக இருப்பதாகவும், மொத்த ரன்களில் சுமார் 1.5 சதவீதம் அவ்வாறான முடிவைத் தருவதாகவும் கூகுள் 2016-இல் எழுதியது. இந்தச் சிறிய விகிதம் பெரிய தொகுப்பில் என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆயிரம் டெஸ்ட்டுகள் இருந்து, ஒவ்வொன்றும் ஆயிரம் முறையில் ஒரே ஒருமுறை காரணமின்றித் தவறினால்கூட, முழு ரன்னும் பச்சையாக (ஒன்றுகூடத் தவறாமல்) முடிய சுமார் 37 சதவீத வாய்ப்புதான் இருக்கிறது. பத்து இரவுகளில் ஆறு இரவுகள் சிவப்பாக இருப்பதற்குக் கருவி மோசமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல், அப்பாச்சி அறக்கட்டளையின் 51 மென்பொருள் திட்டங்களில் ஃபிளேக்கி டெஸ்ட்டுகளைச் சரிசெய்த 201 மாற்றங்களை ஆராய்ந்தபோது, வகைப்படுத்த முடிந்தவற்றில் சுமார் 45 சதவீதத்துக்குக் காரணம் ஒத்திசைவற்ற காத்திருப்பு (தனியாக நடக்கும் ஒரு வேலை முடியும்வரை சரியாகக் காத்திராமை) என்று கண்டார்கள். அவை பிரவுசர் டெஸ்ட்டுகள் அல்ல என்றாலும், பிரவுசர் டெஸ்ட் எழுதியவர்கள் யாருக்கும் இந்த முடிவு புதிதாக இருக்காது. பிளேரைட் உண்மையாகவே உதவுவதும் இந்த இடத்தில்தான். கிளிக் செய்வதற்கு முன்பு அந்த உறுப்பு திரையில் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, இயங்கும் நிலையில் உள்ளதா, வேறெதுவும் அதை மறைக்காமல் இருக்கிறதா என்று அதுவே பார்த்துக் காத்திருக்கிறது. திரையை உருவாக்கும் ரியாக்ட் போன்ற நூலகங்கள் பக்கத்தின் பகுதியை மீண்டும் வரையும்போது செலினியத்தில் வரும் ஸ்டேல் எலமென்ட் பிழையும் (முன்பு பிடித்த உறுப்பு இப்போது பக்கத்தில் இல்லை என்பது) பெரும்பாலும் மறைகிறது; ஏனெனில் பிளேரைட்டின் லொக்கேட்டர், பயன்படுத்தப்படும் ஒவ்வொரு முறையும் உறுப்பைப் புதிதாகத் தேடுகிறது.

ஆனால் ஐந்து குழுக்கள் ஒரே பயனர் கணக்கைப் பகிர்ந்துகொண்டு ஒருவர் டேட்டாவை மற்றவர் அழிப்பதை எந்தக் கருவியும் தீர்க்காது. நான் முன்பு வேலை செய்த ஒரு திட்டத்தில், எல்லோரும் செலினியத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பட்டியலைப் போட்டோம். பாதிக்கும் மேற்பட்ட தவறுகள் பகிரப்பட்ட டெஸ்ட் டேட்டாவால் வந்தவை. அதைப் பார்த்த கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அந்தக் கோளாறை அப்படியே புதிய கருவிக்குச் சுமந்து சென்றிருப்போம் என்பதை நினைத்தால் இன்றும் பதற்றமாக இருக்கிறது.

இரண்டாம் படி: பழைய கருவிக்கு நியாயமான வாய்ப்பு கொடுங்கள்

செலினியம் 4 வெளிவந்தது 2021 அக்டோபரில். உங்கள் திட்டம் இன்னும் 3-ஆம் பதிப்பில் இருந்தால், முதலில் அதை உயர்த்துங்கள். 4.6 பதிப்பு முதல் செலினியம் மேனேஜர் பிரவுசருக்குப் பொருந்தும் டிரைவரைத் தானே தேடி எடுத்துக்கொள்வதால், குரோம் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் எல்லா டெஸ்ட்டும் விழும் பழைய தொல்லைக்குப் பெரும்பாலும் வழி பிறந்துவிட்டது.

அடுத்து, நிரலில் எத்தனை இடத்தில் த்ரெட் ஸ்லீப் (குறித்த நொடிகள் வெறுமனே நிற்கும் கட்டளை) இருக்கிறது என்று எண்ணுங்கள். இம்ப்ளிசிட் வெயிட்டும் (எல்லாத் தேடலுக்கும் பொதுவான காத்திருப்பு) எக்ஸ்ப்ளிசிட் வெயிட்டும் (ஒரு நிபந்தனை நிறைவேறும்வரை காத்திருப்பு) கலந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டையும் கலந்தால் காத்திருக்கும் நேரம் கணிக்க முடியாததாகிவிடும் என்று செலினியத்தின் ஆவணமே எச்சரிக்கிறது. அதிகமாகத் தவறும் ஐம்பது டெஸ்ட்டுகளை மட்டும் எடுத்து, இந்த இரண்டையும் சரிசெய்து, மீண்டும் இரண்டு வாரம் அளந்து பாருங்கள். தவறுகள் கணிசமாகக் குறைந்தால், மாற்றம் வேண்டாம் என்பதே உங்கள் விடையாக இருக்கலாம். குறையாவிட்டாலும் இழப்பில்லை, எந்தப் பகுதி கருவியின் எல்லையைத் தொடுகிறது என்பது இப்போது தெளிவாகத் தெரிந்திருக்கும்.

மூன்றாம் படி: இது கட்டாயமா, விருப்பமா?

சில கருவிகள் நின்றுபோகின்றன. திரையின்றி ஓடும் பிரவுசரான ஃபாண்டம்ஜேஎஸ்ஸின் வளர்ச்சி 2018-இல் நிறுத்தப்பட்டது; குரோமிலேயே ஹெட்லெஸ் வசதி (திரையின்றி ஓடுவது) வந்த பிறகு அதற்குத் தேவை குறைந்துபோனது. கூகுளின் ஆங்குலர் குழு உருவாக்கிய சோதனைக் கருவியான புரோட்ராக்டர் கைவிடப்படும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டு, 2023-இல் ஆதரவு முடிந்தது. ரியாக்ட் டெஸ்ட்டுகளுக்கான என்சைம் நூலகத்துக்கு, ரியாக்ட் 17-உடன் இணைக்கும் அதிகாரபூர்வ அடாப்டர் வரவே இல்லை. பைதானின் டெஸ்ட் ஓட்டும் கருவியான நோஸ் 2015-க்குப் பின் புதிய பதிப்பு காணாமல், பைதான் 3.10-இல் இயங்காமலே போனது. இத்தகைய நிலையில் மாறுவதா என்ற கேள்வியே இல்லை. எப்போது, எந்த வரிசையில் என்பது மட்டுமே மிஞ்சுகிறது.

செலினியம் அந்த நிலையில் இல்லை. தொடர்ந்து வெளியீடுகள் வருகின்றன, பிரவுசர் தயாரிப்பாளர்களே டிரைவர்களைப் பராமரிக்கிறார்கள். ஆகவே நமது எடுத்துக்காட்டில் மாற்றம் ஒரு விருப்பம். விருப்பமான மாற்றம் தன் செலவை நியாயப்படுத்தியாக வேண்டும்.

நான்காம் படி: புதிய கருவி செய்யாதவற்றைத் தேடுங்கள்

புதிய கருவியின் சிறப்புகளைச் சொல்லப் பலர் இருப்பார்கள். குறைகளைத் தேடும் பொறுப்பை ஒருவருக்கு வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள்.

பிளேரைட் குரோமியம், ஃபயர்பாக்ஸ், வெப்கிட் ஆகிய மூன்று எஞ்சின்களிலும் இயங்கும். ஆனால் அது பயன்படுத்தும் வெப்கிட், ஆப்பிளின் சஃபாரி அல்ல. அதே எஞ்சினைக் கொண்டு பிளேரைட் குழு தயாரிக்கும் தனி பில்டு. பெரும்பாலான திட்டங்களுக்கு இது போதும். வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் சஃபாரியில் சோதித்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் போதாது; சஃபாரி டிரைவர் வழியாக உண்மையான சஃபாரியை இயக்குவது செலினியம். எட்ஜின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பயன்முறையை நம்பியிருக்கும் பழைய உள் பயன்பாடுகளும் அவ்வாறே. அப்பியம் கொண்டு மொபைல் ஆப்பையும் சோதிக்கும் குழுவுக்கு, அதுவும் வெப்டிரைவர் வழியில் வந்தது என்பதால், இரண்டிலும் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் கணிசமாக இருக்கும்; பிளேரைட்டுக்குப் போனால் அந்தப் பகிர்வு உடையும்.

ஜாவா குழுக்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பிளேரைட்டின் அறிமுகக் காணொளிகளில் காட்டப்படும் டெஸ்ட் ரன்னர், அதாவது ரன்னைப் பல இயந்திரங்களுக்குப் பிரிப்பது, தவறியதை மீண்டும் ஓட்டுவது, அழகான ஹெச்டிஎம்எல் அறிக்கை தருவது ஆகிய எல்லாம், ஜாவாஸ்கிரிப்ட் மற்றும் டைப்ஸ்கிரிப்டுக்கானவை. ஜாவாவில் பிளேரைட்டை ஜேயூனிட் (டெஸ்ட்என்ஜி போன்ற இன்னொரு ஜாவா கருவி) அல்லது டெஸ்ட்என்ஜியோடுதான் பயன்படுத்த வேண்டும். அந்த வசதிகளை நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். மேலும் ஜாவாவில் பிளேரைட் த்ரெட் பாதுகாப்பானது அல்ல. இணையாக ஓடும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி பிளேரைட் ஆப்ஜெக்ட் வேண்டும். உங்கள் அடிப்படை வகுப்பில் டிரைவர் ஸ்டாட்டிக்காக (எல்லா த்ரெட்டுக்கும் பொதுவான ஒன்றாக) இருந்தால், வேலை அங்கிருந்தே தொடங்கும். மொழியையும் சேர்த்து டைப்ஸ்கிரிப்டுக்கு மாறலாம் என்று யாராவது சொன்னால், அது இரண்டாவது முடிவு. அதற்குத் தனிக் கணக்கு போடுங்கள்.

ஐந்தாம் படி: கடினமானவற்றை வைத்து முன்னோட்டம் நடத்துங்கள்

லாகின் பக்கத்தை மட்டும் எழுதிக் காட்டும் முன்னோட்டம் எல்லாக் கருவியிலும் வெற்றி பெறும். உங்கள் தொகுப்பிலேயே மிகத் தொல்லை தரும் நாற்பது டெஸ்ட்டுகளை எடுங்கள்: ஐஃபிரேமுக்குள் (பக்கத்துக்குள் பதிக்கப்பட்ட வேறொரு பக்கத்துக்குள்) இருக்கும் பணம் செலுத்தும் பக்கம், புதிய டேபில் திறக்கும் அறிக்கை, கோப்பைப் பதிவேற்றி இறக்குவது, ஓடிபி, நிறுவனத்தின் ஒற்றை உள்நுழைவு, ஆயிரம் வரிகள் உள்ள அட்டவணை.

அதே நாற்பதைச் செலினியத்திலும் புதிதாக, ஒழுங்காக மீண்டும் எழுதச் செய்யுங்கள். இதற்கு எதிர்ப்பு வரும், வீண்வேலை என்பார்கள். ஆயினும் நான் இதில் உறுதியாக இருக்கிறேன். ஏழு ஆண்டுகளாகப் பலர் கைபட்ட பழைய டெஸ்ட்டையும் நேற்று கவனமாக எழுதிய புதிய டெஸ்ட்டையும் ஒப்பிட்டால், கிடைக்கும் முன்னேற்றத்தில் எவ்வளவு கருவியால் வந்தது, எவ்வளவு மீண்டும் எழுதியதால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

இரண்டு தொகுப்புகளையும் உங்கள் சிஐ இயந்திரத்திலேயே (நிரல் மாறும்போது டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் சர்வர்), டெவலப்பரின் வேகமான லேப்டாப்பில் அல்லாமல், தலா ஐம்பது முறை ஓட்டுங்கள். நூறில் ஒருமுறை தவறும் ஒரு டெஸ்ட், ஐம்பது ரன்களிலும் தவறாமல் தப்பிக்க ஏறத்தாழ 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது. எனவே தனித்தனி டெஸ்ட்டைப் பார்க்காமல், ஒவ்வொரு கருவியிலும் நாற்பது டெஸ்ட், ஐம்பது முறை என வரும் 2,000 ரன்களின் மொத்த முடிவை ஒப்பிடுங்கள்.

ஓடும் நேரத்தோடு, தவறிய டெஸ்ட்டின் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒருவருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் அளந்து பாருங்கள். என் அனுபவத்தில் பிளேரைட்டின் மிகப் பெரிய பலன் வேகத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு செயலுக்கும் முன்னும் பின்னும் பக்கம் எப்படி இருந்தது, எந்த நெட்வொர்க் அழைப்பு போனது, கன்சோலில் என்ன வந்தது என்பதையெல்லாம் டிரேஸ் கோப்பில் பின்னர் திறந்து பார்க்கலாம். இது ஜாவாவிலும் உண்டு. முன்னோட்டத்தில் ஈடுபடும் இருவரில் ஒருவர் செலினியத்தில் தேர்ந்தவராகவும், மற்றவர் கைமுறைச் சோதனையிலிருந்து அண்மையில் ஆட்டோமேஷனுக்கு வந்தவராகவும் இருக்கட்டும். நிபுணரின் கையில் எதுவும் நன்றாக ஓடும்.

ஆறாம் படி: செலவையும் வரவையும் ஒரே தாளில் எழுதுங்கள்

கணக்கு இப்படி இருக்கலாம். எண்கள் வெறும் எடுத்துக்காட்டு, உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். 2,400 டெஸ்ட்டுகள் இருக்கின்றன. ஒன்றையே இருமுறை சோதிப்பவற்றையும், யாருக்கும் வேண்டாதவற்றையும் நீக்கினால் 2,000. ஒன்றை மாற்றி எழுதி, சரிபார்த்து, நிலைப்படுத்த சராசரி ஒன்றரை மணி நேரம் என்றால் 3,000 மணி நேரம். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் கிடைத்தால் 500 ஆள்நாள்கள். ஐந்து பேருக்கு நூறு வேலைநாள்கள், அதாவது ஏறத்தாழ ஐந்து மாதங்கள்.

வரவுப் பக்கம்: தினமும் மூன்று பேர் தலா இரண்டு மணி நேரத்தைப் பொய்த் தவறுகளில் செலவிடுகிறார்கள் என்றால், 220 வேலைநாள்களில் 1,320 மணி நேரம். முதல் படியின் கணக்குப்படி அதில் 40 சதவீதமே கருவி மாறினால் குறையும் என்றால், ஆண்டுக்கு 528 மணி நேரம் மிச்சம். 3,000 மணி நேரத்தை மீட்க ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும், மாற வேண்டாம். தினமும் பத்துப் பேர் தலா அதே இரண்டு மணி நேரத்தை இழக்கிறார்கள் என்றால் ஆண்டுக்கு 1,760 மணி நேரம் மிச்சமாகும். இரண்டு ஆண்டுகளுக்குள் செலவு திரும்பிவிடும். முதல் படியில் கிடைத்த சதவீதம் இல்லாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது என்பதைக் கவனியுங்கள்.

மொழி மாதிரிகளை (நிரலையும் எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை) கொண்டு மாற்றினால் செலவு குறையும் என்பது இப்போது எல்லாக் கூட்டத்திலும் சொல்லப்படுகிறது. அதில் உண்மை இருக்கிறது. ஏர்பிஎன்பி நிறுவனம் ஏறத்தாழ 3,500 என்சைம் டெஸ்ட் கோப்புகளை ரியாக்ட் டெஸ்டிங் லைப்ரரி என்ற வேறொரு நூலகத்துக்கு மாற்றக் கையால் ஒன்றரை ஆண்டு ஆகும் என்று மதிப்பிட்டிருந்தது. மொழி மாதிரிகளின் துணையோடு ஆறு வாரங்களில் முடித்ததாக 2025-இல் எழுதியது. ஆனால் அவை தனித்தனியாக, நொடிகளில் ஓட்டிச் சரிபார்க்கக்கூடிய, திரையின் ஒரு சிறு பகுதியை மட்டும் சோதிக்கும் காம்பொனென்ட் டெஸ்ட்டுகள். டேட்டாபேஸும் வெளிச் சேவைகளும் சேர்ந்து ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் ஓடும் பிரவுசர் டெஸ்ட்டுகளில் அதே வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். இன்னொன்று: தானாக மாற்றப்பட்ட டெஸ்ட் பச்சையாக இருப்பது போதாது, தவற வேண்டிய இடத்தில் தவறவும் வேண்டும். பயன்பாட்டில் வேண்டுமென்றே ஒரு பிழையை நுழைத்து, டெஸ்ட் அதைப் பிடிக்கிறதா என்று மாதிரிக்குச் சிலவற்றில் சோதியுங்கள். சரிபார்க்கும் வரி காணாமல் போன டெஸ்ட் எப்போதும் பச்சையாகத்தான் இருக்கும்.

தாளில் எண்ணாக எழுத முடியாத செலவும் உண்டு. செலினியமும் ஜாவாவும் கற்றுக்கொண்டு, அதன் பேரிலேயே இந்த வேலைக்கு வந்தவர்கள் குழுவில் பலர் இருப்பார்கள். கருவி மாறினால் தங்கள் இடம் என்னாகும் என்ற அச்சத்தை அவர்கள் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள். பயிற்சிக்கான நேரத்தை வேலை நேரத்திலேயே ஒதுக்குவதாக முடிவோடு சேர்த்து எழுதிக் கொடுங்கள்; இல்லையென்றால் அந்தச் சுமை அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகளின் மேல் விழும்.

ஏழாம் படி: மாறும் வழியை முன்பே தீர்மானியுங்கள்

கணக்கு சாதகமாக இருந்தாலும், எப்படி மாறுவது என்று தெரியாமல் ஒப்புதல் கொடுக்க வேண்டாம். பேஜ் ஆப்ஜெக்ட் அடுக்கு (ஒவ்வொரு பக்கத்தையும் இயக்கும் நிரலைத் தனியாக வைக்கும் பகுதி) ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருந்தால், டெஸ்ட்டுகளைத் தொடாமல் அதன் அடியில் கருவியை மாற்றிக்கொண்டே போகலாம். டெஸ்ட்டுக்குள்ளேயே எக்ஸ்பாத் (உறுப்பைத் தேடும் பாதை) எழுதப்பட்டிருந்தால் அந்த வழி மூடியிருக்கிறது. அப்போது, புதிய டெஸ்ட்டுகள் எல்லாம் புதிய கருவியில், பழையவை பகுதி பகுதியாக, அதிகம் தொல்லை தருபவை முதலில் என்ற வழியே மிஞ்சும். ஜேயூனிட் 5 வெளிவந்தபோது பழைய 4-ஆம் பதிப்பு டெஸ்ட்டுகளை ஓட்ட விண்டேஜ் எஞ்சினையும் சேர்த்தே கொடுத்தார்கள். இரண்டும் ஒரே ரன்னில், ஒரே அறிக்கையில் ஓடின. உங்கள் அறிக்கையும் அப்படி ஒன்றாகவே இருக்கட்டும், இரண்டு இடத்தில் பார்க்கும்படி ஆனால் ஓரிடத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது பாதியில் நின்ற மாற்றத்தைத்தான். அறுபது சதவீதம் மாறியதும் ஆர்வம் குறைந்து, மாற்றியவர்கள் வேறு திட்டத்துக்குப் போய், இரண்டு கருவிகளையும் காலமெல்லாம் பராமரிக்கும் நிலை, எந்த ஒரு கருவியோடும் இருப்பதைவிட மோசமானது. ஆகவே இறுதிவரை பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரையும், பழைய கருவிக்கான வரி பில்டு கோப்பிலிருந்து நீக்கப்படும் தேதியையும் தொடக்கத்திலேயே குறியுங்கள். 25 சதவீதம் முடிந்ததும் ஒருமுறை நின்று, முதல் படியின் அளவீட்டை மீண்டும் எடுங்கள். எதிர்பார்த்த முன்னேற்றம் தெரியாவிட்டால் திரும்பிவிடலாம் என்ற உரிமையும் எழுத்தில் இருக்கட்டும்.

எட்டாம் படி: முடிவை எழுதி வையுங்கள்

ஒரு பக்கம் போதும். தவறுகளின் வகைவாரிக் கணக்கு, 2,000 ரன்களின் ஒப்பீடு, மணி நேரக் கணக்கு, எடுத்த முடிவு, அதற்கு உடன்படாதவர்களின் காரணம் ஆகியவற்றை எழுதி நிரலோடு சேர்த்தே வையுங்கள். முடிவு வேண்டாம் என்றிருந்தால், எது நடந்தால் மீண்டும் பேசலாம் என்பதையும் எழுதுங்கள்: சஃபாரி நிபந்தனை ஒப்பந்தத்திலிருந்து நீங்கினால், அல்லது காத்திருப்புக் கோளாறுகள் மொத்தத் தவறுகளில் பாதியைத் தாண்டினால், என்பதுபோல. ஓராண்டு கழித்துப் புதிதாகச் சேரும் ஒருவர் அதே கேள்வியைக் கேட்கும்போது, அந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்து, இதில் எந்த எண் இப்போது மாறியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லலாம்.